இரண்டு வீட்டுக்காரி

ஊரின் பெயர் வேண்டாம். கல்முனைக் கரையில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே நாலு பேர் வாசல் கடப்படியில் வந்து நின்று, ஊர் மானத்தை ஏன் கப்பலேற்றுகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காதவர்களுக்கு இப்போது மட்டும் எங்கிருந்து ரோஷம் வருமோ தெரியாது. அதனால் ஊரை விட்டுவிட்டு ஆளுக்கு வருவோம்.

ஆளின் பெயர் அஸீஸா. ஐம்பத்தைந்தைத் தாண்டியவள், ஒல்லி, நடையில் வேகம். உலகத்தில் அவள் தனக்கென்று வைத்திருந்தது ஓர் அறை. அதுவும் அவளுடையதல்ல, பள்ளிவாசலுடையது. வீடில்லாத குடும்பங்களைத் தங்கவைப்பதற்கென்று பள்ளிவாசல் நிர்வாகம் நடத்திய கட்டடத்தின் முன்பக்க மூலையறை அது. கட்டடத்தை ஊரில் ‘பள்ளி வீடு’ என்பார்கள். சுனாமி நேரம் வெளியூர்க்காரர்கள் நிவாரணச் சாமான் அடுக்கக் கட்டிக்கொடுத்தது. பிறகு சும்மா கிடந்தது. பிறகு போக்கிடம் இல்லாத குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அஸீஸா அங்கே சமைப்பாள், கூட்டுவாள், பிள்ளைகளுக்குச் சண்டை தீர்ப்பாள். பொழுதுபட்டால் மூலையறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போடுவாள். அந்தத் தாழ்ப்பாள்தான் அவளுக்குப் பெரிய காரியம்.

"கதவப் போட்டுட்டுப் படுக்கிறதெண்டா ராசாத்திட வாழ்க்கதான்கா" என்று அங்கிருக்கும் பெண்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

தாழ்ப்பாளுக்கு ஒருத்தி இவ்வளவு ஏங்குவாளா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கரையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். ஆகவே பெண்ணைக் கட்டிக்கொடுக்க முதல் வீட்டைக் கட்டிக்கொடுக்க வேண்டும், அதை அவள் பெயருக்கு எழுதவும் வேண்டும். நல்ல வழக்கம்தான். பெண்ணைப் புருஷன் வெளியே போ என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிக்கொடுத்த உம்மா எங்கே படுப்பாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பின் வளவில் சமைக்கிற குசினியில் ஒரு பாய் போதும் என்று ஊர் நினைக்கிறது. உம்மாமாரும் அப்படித்தான் நினைத்துப் பழகியிருக்கிறார்கள்.

அஸீஸாவின் புருஷனைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. அதோடு போன வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீட்டை மூத்தவள் முஸ்பிறாவின் கலியாணத்துக்கு எழுதிக்கொடுத்தாள். இளையவள் அம்ஹாவையும் இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். இளையவளுக்கு வீடு வேண்டுமே என்று குவைத்துக்குப் போய் யாரோ வீட்டுத் தரையையெல்லாம் துடைத்து, கல்லுக் கல்லாக ஒரு வீட்டை எழுப்பினாள். திரும்பி வந்து அதையும் அம்ஹாவுக்கு எழுதினாள். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது மனசு நிறைந்திருந்தது என்றுதான் சொல்லுவாள். பொய்யில்லை, அன்றைக்கு நிறைந்துதான் இருந்தது.

பிறகுதான் இடம் சுருங்கியது. முஸ்பிறாவின் புருஷன் இன்ஸாப் கெட்டவனில்லை. கலியாண வீட்டுக்கும் சாவு விழுந்த மவுத்து வீட்டுக்கும் கதிரை, அதாவது நாற்காலி, வாடகைக்குக் கொடுக்கிறவன். தொழில் பெருக, கதிரை பெருகியது. கதிரையை எங்கே அடுக்குவது? குசினியில் அடுக்கினான். சிவப்புக் கதிரை ஒரு பக்கம், வெள்ளைக் கதிரை ஒரு பக்கம், நடுவில் மாமியாரின் பாய். அந்தக் குசினிக்குக் கதவும் கிடையாது. கதிரையை இழுக்க வசதியில்லையென்று கழற்றிவிட்டிருந்தார்கள். விடியக் காலத்தால சுபஹுத் தொழுகைக்கு முந்தியே வேலைக்காரப் பொடியன்மார் கதிரை எடுக்க வந்து நிற்பார்கள். அவர்கள் வருமுன் எழும்பித் தலையை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அம்ஹா வீட்டிலோ அவளுடைய மாமியார் பாரிசவாதத்தில் கிடந்தாள். அவளும் தன் வீட்டைத் தன் மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள்தான், இதில் யாரை யார் குறை சொல்வது? ஆகவே, பள்ளி வீட்டில் சமைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அஸீஸா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீடில்லாமல் போனாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. "ராத்தா பள்ளி வீட்டப் பாத்துக்கொள்றா" என்றார்கள். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் சுல்பிகா வந்தாள். ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் நடக்கிற பிள்ளை, முழங்கையில் சுட்ட காயம். புருஷன் அவளிடம் கையெழுத்து வாங்கி அவளுடைய சீதன வீட்டை விற்றுத் தின்றுவிட்டு, தன் அக்காவான ராத்தா வீட்டுப் பின்னறையில் அவளை வைத்திருந்தான். அங்கே நடந்ததை அவள் வாயால் சொல்லவில்லை. அஸீஸாவும் கேட்கவில்லை. காயத்துக்கு மருந்து போட்டு, பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து தீத்தினாள். கைக்குழந்தை அஸீஸாவின் மடியிலேயே தூங்கிப் பழகியது.

இப்போது பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு, தாய் வழியாக வருவது. குடிக்குத் தலைவராக ஒரு மரைக்காயர் உண்டு. மரைக்காயர்மார் சேர்ந்ததுதான் நிர்வாகம். புருஷனின் குடி மரைக்காயர் பெண்ணின் குடி மரைக்காயரோடு கதைப்பார், இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பார்கள், விஷயம் முடிந்துவிடும். அதற்குப் பெயர் சமாதானம். சுல்பிகாவின் விஷயத்தில் அப்படித்தான் கதைத்து முடித்தார்கள். நிர்வாகத் தலைவர் ஷரிபுதீன் ஹாஜியார் பள்ளி வீட்டுக்குப் போனில் கோல் எடுத்தார்.

"அஸீஸா, அந்தப் புள்ளைய அனுப்பி வையுங்க. ரெண்டு குடியும் கதைச்சாச்சு. ஆட்டோ வரும்."

"ஹாஜியார், அவக்கு விருப்பமில்ல போல இரிக்கி."

"விருப்பத்தப் பாத்தா குடும்பம் நடக்குமா? பெரியாக்கள் பொறுப்பெடுத்திருக்கம். அனுப்புங்க."

அஸீஸா அனுப்பினாள். துணிகளை மடித்துப் பையில் வைத்ததும் அவள்தான், கைக்குழந்தையை ஆட்டோவுக்குள் கொடுத்ததும் அவள்தான். சுல்பிகா அழவில்லை. ஆட்டோ திரும்பும்போது அஸீஸாவின் மூலையறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள்.

ஒரு மாதம் கழியவில்லை. சுல்பிகா கிணற்றில் விழுந்து மவுத்து என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தண்ணீர் அள்ளப் போன இடத்தில் கால் வழுக்கியதாம். மையித்துக் குளிப்பாட்டுகிற பெண்களோடு அஸீஸாவும் போனாள். குளிப்பாட்டும்போது கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது மார்க்கம். அவள் சொல்லவில்லை. ஆனால் கழுத்தைக் கண்டாள், முதுகைக் கண்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு நேரே ஷரிபுதீன் ஹாஜியாரின் வீட்டுக்குப் போனாள்.

"ஹாஜியார், நீங்கதான் பொறுப்பெண்டு சொன்னீங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "அல்லாஹ்ட நாட்டம் அஸீஸா. அவட ஹயாத்து அவ்வளவுதான். ஊருக்குள்ள இதக் கதைச்சுத் திரியாதீங்க, ரெண்டு குடிக்கும் பகையாகும்."

"அவட ரெண்டு புள்ளைகள்?"

"வாப்பா இரிக்காருதானே."

அவள் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரு யோசனைதான். ஒரு கோல் போதுமாக இருந்தது. ஹாஜியார் கோல் எடுத்தார், தானும் கதவைத் திறந்து கொடுத்துவிட்டோம். இனிமேல் அந்தக் கதவுக்கு யார் சொல்லும் செல்லக்கூடாது. அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது இது ஒன்றுதான். பின்னால் எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அடுத்த கோல் வர நெடுநாள் எடுக்கவில்லை. பாலமுனையிலிருந்து ஒருத்தி பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளையும் அனுப்பச் சொன்னார் ஹாஜியார்.

"அவ வரமாட்டா" என்றாள் அஸீஸா.

"யாரு, அவவா சொல்றா?"

"நான் சொல்றன்."

ஆட்டோ வந்தது. அஸீஸா படலைக் கதவைப் பூட்டிவிட்டு உட்புறமாக நின்றாள். ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான், கெஞ்சினான், போய்விட்டான். மறுவாரம் நிர்வாகம் கூடி, பள்ளி வீடு பள்ளியின் சொல்லைக் கேட்காவிட்டால் கட்டடத்தை விட்டுத்தர வேண்டும் என்று முடிவெடுத்தது. சமைக்க வந்தவள் பள்ளியையே எதிர்க்கிறாள் என்று சந்திக்குச் சந்தி கதை. சும்மா சொல்லக்கூடாது, ஊரில் ஆண்கள் எல்லாரும் ஒன்றுபட்டு நின்றது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எல்லாரும் என்று சொன்னது பிழை. றிஸ்மி நிற்கவில்லை. கல்முனையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கும் இளந்தாரி, சுல்பிகாவின் பக்கத்து வீட்டுக்காரன், பள்ளி வீட்டுக்குத் தொடக்கத்திலிருந்து சாமான் சேர்த்துக் கொடுத்தவன். அவன்தான் அஸீஸாவிடம் வந்து, "ராத்தா, பள்ளிக்குக் கீழ இருந்தா இதுதான் நடக்கும். நாம தனிச் சங்கமாப் பதிவோம். நமக்கெண்டு ஒரு சட்டம், ஒரு யாப்பு, நமக்கெண்டு ஒரு நிர்வாகம்" என்றான்.

"கட்டடம்?"

"தேடுவம்."

தேடினார்கள். நாய்படாப் பாடு அது. பிரதேச செயலகத்துக்கு நடந்தே றிஸ்மியின் செருப்புத் தேய்ந்தது. பள்ளியைப் பகைத்துக்கொண்டு இடம் கொடுக்க ஊருக்குள் ஆளில்லை. கடைசியில் சவளக்கடைக்குப் போகிற வழியில், வயலோரம், லண்டனில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பழைய நெல் ஆலை கிடைத்தது. இயந்திரத்தை எப்போதோ விற்றுவிட்டார்கள். சுவரெல்லாம் உமித் தூசு. உள்ளே பலகை அடித்து அறை அறையாகப் பிரித்தார்கள். தச்சன் வந்தபோது அஸீஸா அவன் பின்னாலேயே நின்றாள்.

"எல்லாக் கதவுக்கும் உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடுங்க. வெளிய வேணாம்."

"வெளியயும் போட்டாத்தானே ராத்தா பூட்டலாம்?"

"வெளிய பூட்டி வெச்சதாலதான் இவங்க இஞ்ச வந்திரிக்காங்க. உள்ளுக்குப் போடுங்க."

வயல் பக்கம் ஜன்னல் வைத்த மூலையறை ஒன்று அமைந்தது. அதைத் தனக்கென்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். பெட்டியையும் பாயையும் கொண்டுவந்து அங்கே வைத்தாள். இவ்வளவு பாடுபட்டவளுக்கு ஒரு மூலை கிடைப்பதில் என்ன கதை இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு பொதுக்கூட்டம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, ஆலை முற்றத்தில். கதிரை வேறு யாரிடம் எடுப்பது? மருமகன் இன்ஸாப்பே கொண்டுவந்து இறக்கினான், மாமியாரின் காரியம் என்று வாடகை வேண்டாம் என்றான். முஸ்பிறாவும் அம்ஹாவும் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் பின்னால் வந்து அமர்ந்தார்கள். அம்ஹா வயிற்றுப் பிள்ளைக்காரி. உம்மாவை நிர்வாகத்தில் போடப்போகிறார்கள் என்று இரண்டு பேருக்கும் முகத்தில் பெருமை. பாண்டிருப்பு, நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழ் ஆட்களும் வந்திருந்தார்கள். இனி இது ஒரு பள்ளியின் வீடல்ல, வீடில்லாத எந்தக் குடும்பத்துக்குமானது என்று றிஸ்மி அறிவித்திருந்தான்.

சங்கத்தின் விதிகளை எழுதிய யாப்பை ஒவ்வொரு பிரிவாக வாசித்து ஏற்றுக்கொண்டார்கள். அஸீஸா சொல்லிப் போட்ட பிரிவு வந்தபோது றிஸ்மி நிறுத்தி, நிதானமாக வாசித்தான். போக்கிடம் இல்லாதவர் மட்டுமே இங்கே தங்கலாம். வேறு யாருடைய சொல்லுக்கும், தொலைபேசிக்கும், சிபாரிசுக்கும் ஒருவரை உள்ளே எடுப்பதோ வெளியே அனுப்புவதோ கிடையாது. தலைவருக்கும் அதேதான், சமைக்கிறவருக்கும் அதேதான். கைதட்டினார்கள். அஸீஸாவின் கண் கலங்கியது. சுல்பிகாவின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அது சுல்பிகாவின் பிரிவு.

அப்போதுதான் பின்வரிசையில் சீனிமுகம்மது எழும்பினான். ஹாஜியாரின் கையாள். கூட்டத்துக்கு ஏன் வந்தான் என்பது அவன் எழும்பியவுடன் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"யாப்பு நல்லாரிக்கி. ஒரு கேள்வி. அஸீஸா ராத்தாட பெட்டியும் பாயும் மூலையறைக்க கிடக்கு. கண்டுட்டுத்தான் வாறன். அவ இஞ்ச தங்கப் போறா எண்டா அவக்கும் போக்கிடமில்லையெண்டுதானே அர்த்தம்? ரெண்டு மகள்மாருக்கும் வீடெழுதிக் குடுத்தவ. அவங்க ரெண்டு பேரும் உம்மாவக் கலைச்சுட்டாங்களா? தெரிஞ்சுகொள்ளத்தான் கேக்கிறன்."

றிஸ்மிக்கு வேர்த்தது. அவன் நல்லதை நினைத்துத்தான் கேட்டான். அதில் விளைந்தது வேறு.

"ராத்தா, உங்களுக்குப் போக்கிடம் இல்லையெண்டா சொல்லுங்க. தாராளமா இஞ்ச தங்கலாம். யாப்பும் அதத்தான் சொல்லுது."

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் மூலையறை அவளுடையது, தாழ்ப்பாள் அவளுடையது, இனி ஆயுசுக்கும் யாரும் எழுப்ப முடியாது. அஸீஸா திரும்பிப் பார்த்தாள். முஸ்பிறா முந்தானையை வாயில் கவ்வியிருந்தாள். அம்ஹா குனிந்துவிட்டாள். இன்ஸாப் கதிரை அடுக்கின் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் அண்ணன்மாரான காக்காமார் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, முகம் கறுத்துப் போயிருந்தான். அவள் இல்லை என்று சொன்னால் இன்றைக்கு மஃரிப் தொழுகைக்குள் கடற்கரையிலிருந்து வயல் கண்டம் வரைக்கும் அந்தச் சொல் போய்விடும். உம்மாவைத் தெருவில் விட்டவள்கள் என்ற பெயரோடு இரண்டு பேரும் சாகிறவரைக்கும் நடக்க வேண்டும். இன்ஸாப் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவான் என்றும் அவளுக்குத் தெரியும்.

எழும்பி நின்று, முக்காட்டைச் சரிசெய்து, சிரித்தாள்.

"எனக்கென்ன சீனிமுகம்மது, ரெண்டு வீடு இரிக்கி. ஒண்டுல சோறு, ஒண்டுல தேத்தண்ணி. பெட்டி சும்மா வெச்சது, உடுப்பு மாத்த. இண்டைக்கே எடுத்துருவன்."

ஜனம் சிரித்தது. நல்லா வாங்கினான் சீனிமுகம்மது என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். கைதட்டலும் விழுந்தது. முஸ்பிறா முந்தானையை விட்டாள். இந்தக் கரையில் பிள்ளை பெற்ற எந்த உம்மாவைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது.

மூலையறையை நாவிதன்வெளியிலிருந்து வந்த தர்சினிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அஸீஸாவே கூட்டிக் கழுவிக் கொடுத்தாள். "இது உள்ளுக்குப் போடுற தாழ்ப்பாள் புள்ள. யாரு வந்து தட்டினாலும் ஒனக்கு விருப்பமெண்டாத்தான் திறக்கணும்" என்று போட்டுக் காட்டினாள். சங்கம் பதிவாகிவிட்டது, பெயர்ப்பலகையும் வந்துவிட்டது. இரவுக்குக் காவலிருக்கச் சம்பளத்துக்கு வேறு பெண் வந்தாள். அஸீஸாவுக்குப் பகல் வேலை. பொழுதுபட்டால் பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும்.

எந்த வீட்டுக்கு? அதுதானே. முஸ்பிறாவின் குசினியில் கதிரை கூரையைத் தொட்டு நின்றது. கதிரை வெளியே போனால்தான் பாய் விரிக்க இடம் வரும். கதிரை வெளியே போக ஊரில் கலியாணம் நடக்க வேண்டும், அல்லது யாராவது சாக வேண்டும். அம்ஹாவுக்குப் பிள்ளை பிறந்தபின் அங்கே நடக்கவே இடமில்லை. கொஞ்ச நாள் முஸ்பிறாவின் விறாந்தையில் சுருண்டாள். இன்ஸாப்பின் கூட்டாளிமார் வந்து இருந்து கதைக்கும் இடம் அது. அவர்கள் போகும்வரை கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள். இன்ஸாப் ஒரு சொல் சொன்னதில்லை. ஒருநாள் முஸ்பிறாதான் சோறு போட்டுக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உம்மா, அங்க ஆலையில ஒரு அறை எடுக்கேலாதா?"

"அது போக்கிடமில்லாதவங்களுக்கு மகள்."

முஸ்பிறா கறிச்சட்டியை மூடினாள். அவளுக்கும் தெரியும். கூட்டத்தில் உம்மா காப்பாற்றியது யாரை என்றும் தெரியும். தெரிந்ததனால்தான் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அஸீஸா ஒரு வழி கண்டுபிடித்தாள். மவுத்து வீடு. அடக்கத்துக்கு ஜனாஸா எடுத்த வீட்டில் பெண்கள் கூடி ஓதுவார்கள், இரவு தங்குவார்கள், யாரும் யாரையும் ஏன் போகவில்லை என்று கேட்பதில்லை. செத்தவனுக்குப் பெண்சாதி இருந்தால் அவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். அவளைத் தனியே விடக்கூடாது, துணைக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும். மகள்மார் முதல் வாரம் இருப்பார்கள், பிறகு அவரவர் பிள்ளை குட்டிகளைப் பார்க்கப் போவார்கள். அஸீஸா போகமாட்டாள். பகலில் ஆலை, பொழுதுபட்டால் இத்தா வீடு. கைம்பெண்ணின் கட்டிலுக்குக் கீழே பாய். இத்தா முடிந்தால் அடுத்த மவுத்து வீடு. ஊர் மெச்சியது. "அஸீஸா ராத்தா மாதிரி மனசு யாருக்கு வரும், சொந்தக்காரங்களே அப்படி இரிக்க மாட்டாங்க" என்றார்கள். ஷரிபுதீன் ஹாஜியார்கூட ஒரு மவுத்து வீட்டில் கண்டபோது, "அல்லாஹ் பொருந்திக்கொள்வான்" என்றாராம். மனுஷனுக்கு வெட்கமென்றால் என்னவென்று தெரியாது.

ஒருநாள் அஸர் நேரம் ஆலைப் படலையில் ஒரு பெண் வந்து நின்றாள். அறுபது வயது இருக்கும், பாண்டிருப்புப் பக்கம், நெற்றியில் திருநீறு, கையில் உரப்பையில் கட்டிய துணி. தர்சினிக்கு நாவிதன்வெளியில் வாடகைக்கு இடம் கிடைத்து முந்தின நாள்தான் போயிருந்தாள். மூலையறை காலி. அஸீஸாவுக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. இந்தக் கரையில் மகளுக்கு வீடெழுதும் வழக்கம் மட்டும் முஸ்லிம் சோனகர், தமிழர் என்று பார்ப்பதில்லை.

வாங்குப் பலகையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அக்கா, போறதுக்கு வேற இடம் இரிக்கா?"

"ஓம் ஓம், இருக்கு" என்றாள் அந்தப் பெண், கேள்வி முடியுமுன்பே. "மகள்ட வீடு இருக்கு. நான் கட்டிக் குடுத்த வீடுதான். சும்மா கொஞ்ச நாளைக்கு இஞ்ச நிண்டு, கூட்டிப் பெருக்கித் தரலாமெண்டு வந்தன் தங்கச்சி."

"இடமிருந்தா இஞ்ச வெச்சுக்கொள்ள ஏலாது அக்கா. இல்லையெண்டு சொல்லுங்க."

"மகள் நல்லாத்தான் பாக்குறா."

"நல்லாப் பாக்கட்டும். படுக்க இடமிரிக்கா?"

அந்தப் பெண் உரப்பையின் முடிச்சைத் தடவினாள். "பெத்த பிள்ளைய நானே சந்தியில நிப்பாட்டிறதோ? அந்தச் சொல்ல என்ட வாயால சொல்ல மாட்டன் தங்கச்சி."

அஸீஸா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவள் ஒரு சொல் சொன்னால் இன்றைக்கே மூலையறை. சொல்லாவிட்டால் பொழுதுபட எங்கே போவாளோ. இவளுக்கு முந்தி அதே சொல்லை விழுங்கியவள் இங்கே இருக்கிறாள் என்று இவளுக்குத் தெரிந்தாலாவது சொல்லமாட்டாளா?

"நான் சொல்றன் கேளுங்க" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "எனக்கு வீடில்ல அக்கா. ரெண்டு மகள்மாருக்கும் குடுத்தன். எனக்குப் படுக்க இடமில்ல. மவுத்து வீடு மவுத்து வீடாப் போய்ப் படுக்கிறன். பாத்தீங்களா, சொல்லிட்டன். ஒண்டும் நடக்கல்ல. நீங்களும் சொல்லுங்க."

அந்தப் பெண் அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழும்பி உரப்பையைக் கையில் எடுத்தாள்.

"உங்களப் பெத்த தாயா நம்பின பிள்ளைகள் பாவம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பரிதாபப்பட்டுச் சொன்னாள். தண்ணீர்க் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டுப் படலையைத் தாண்டி, வயல் வரம்போடு பிரதான வீதிப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே, கழன்றுபோன பெயர்ப்பலகைக்கு மறுபடி ஆணி அடித்துக்கொண்டிருந்த றிஸ்மி வெளியே வந்தான். கையில் சுத்தியல். முகம் வெளிறியிருந்தது.

"ராத்தா. நான் கேட்டுட்டன். நீங்க சொன்னது உண்மையா?"

அஸீஸா கோப்பையைக் கழுவினாள்.

"மூலையறை காலியாத்தானே கிடக்கு" என்றான் அவன். "யாரும் ஒங்களுக்காகக் கதைக்கத் தேவையில்ல. யாப்புல இருக்கிற மாதிரி நீங்களே ஓமெண்டு சொன்னாப் போதும். உண்மையா ராத்தா?"

ஓம் என்று ஒரு சொல். அவன் தனியே நிற்கிறான், சீனிமுகம்மது இல்லை, கூட்டமில்லை. ஆனால் மூலையறையில் அவள் பெட்டியை வைத்த மறுநாளே ஊருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் பார்வை இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவளோ ஒருத்தி, யாரென்றே தெரியாத முஸ்பிறாவுக்கும் அம்ஹாவுக்கும் பாவம் பார்த்துவிட்டுப் போகிறாள். ஊரையும் அப்படிப் பார்க்க விடக்கூடாது என்று அவளுக்குப் பட்டது.

"அவவச் சொல்ல வைக்கத்தான் அப்படிச் சொன்னன் தம்பி" என்றாள். "எனக்கென்ன. ரெண்டு வீடிரிக்கி."

றிஸ்மி நம்பினான். நம்புவதுதான் அவனுக்கும் இலேசு. ஆணி அடிக்கத் திரும்பப் போனான்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். கடைசி இத்தா வீடு போன வாரத்தோடு முடிந்துவிட்டது. முந்தின நாள் முஸ்பிறாவின் விறாந்தையில் இருந்தாள், இன்றைக்கு அங்கே இன்ஸாப்பின் காக்காமார் வருகிறார்கள். அம்ஹா வீட்டுக்குப் போகலாம், பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு. அதையே போன தடவையும் சொல்லியிருந்தாள்.

வயலுக்கு அப்பால் ஊர்ப் பள்ளியின் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகைப் பாங்குக்கு நேரமாகவில்லை. அஸீஸா தலையைத் தூக்கினாள். காற்றில் பாதி போக, மீதி வந்தது. கடற்கரை வீதியைச் சேர்ந்த அச்சிமுகம்மது மவுத்தாகிவிட்டார். மையித் நல்லடக்கம் இஷாத் தொழுகைக்குப் பிறகு. அன்னார் சபியா உம்மாவின் கணவர் ஆவார்.

சபியா உம்மாவை அவளுக்குத் தெரியும். ஒரே மகன், அவனும் கட்டாரில். மகள்மார் இல்லை. இத்தாவுக்கு நாலு மாதமும் பத்து நாளும் பக்கத்தில் இருக்க ஒருத்தியும் இல்லை.

சாவுச் செய்திக்கு இன்னாலில்லாஹி என்று சொல்ல வேண்டிய வாய், நன்றிச் சொல்லான அல்ஹம்துலில்லாஹ்வைச் சொல்லிவிட்டது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். அஸீஸா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் வந்தது. கடற்கரை வீதிக்கு ஒரு டிக்கட் என்று கேட்டு ஏறிக்கொண்டாள்.